தட்டையர்

அண்ணை என்னிடம் தனியாகக் கேட்ட ஒரு கேள்வியைச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தேன். நான் செய்த பிழை அதுதான்.

ஐம்பதுகளின் கடைசி. படித்து முடித்து விஞ்ஞான ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். அண்ணை எட்டாம் வகுப்போடு நின்று, தோட்டம் செய்து என்னைப் படிப்பித்தவர். ஒருநாட் காலை வாய்க்காலை வெட்டி வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியை ஊன்றியபடி கேட்டார்.

“தம்பி, உலகம் உருண்டையெண்டால் பாத்திக்குள்ளை தண்ணி ஏன் தட்டையா நிக்குது?”

நல்ல கேள்வி. எனக்குப் பதிலும் தெரியும். சொல்லாமல் சிரித்துவிட்டுப் பாடசாலைக்குப் போனேன். பின்னேரம் வாசிகசாலையில் அண்ணையின் குரலிலேயே அதைச் சொல்லிக் காட்டினேன்.

அந்தக் கிழமை முடியுமுன்பே அவர் ‘தட்டையர்’ ஆனார். எங்கள் பக்கத்தில் பட்டப்பெயர் ஒட்டினால் உரியாது. காலம் போகப்போக, மருதனார்மடச் சந்தையில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாமற் போயிற்று. கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்த்தார். என்னிடம் மட்டும் அதன்பின் எதையும் கேட்கவில்லை.

வெகுகாலம் கழித்து அவரைக் காங்கேசன்துறைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். தூரத்துக் கப்பலின் புகைபோக்கி முதலில் தெரிந்தது, உடல் பிறகு. ஏன் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு அது எப்பவோ விளங்கீட்டுது, தம்பி. சனத்துக்கு ஆர் சொல்லுறது?”

மன்னிப்புக் கேட்கவில்லை. கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அண்ணை இறந்தார். மரண அறிவித்தல் சொல்ல ஒலிபெருக்கி கட்டிய கார் வந்தது. பட்டப்பெயரையும் சேர்த்தால்தான் ஆட்களுக்கு விளங்கும் என்றார் அறிவிப்பவர். நான் மறுத்துவிட்டேன். போகும்போதாவது தன் பெயரோடு போகட்டும் என்று நினைத்தேன். கார் அந்தப் பெயரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போயிற்று. உறவினரும் அயலாரும் வந்தார்கள். சந்தையிலிருந்து ஒருவரும் வரவில்லை.

எட்டாம் நாட் படையலான எட்டுச் செலவுக்கு மரக்கறி வாங்க நான்தான் சந்தைக்குப் போனேன். அண்ணையிடம் வழக்கமாக வெங்காயம் எடுக்கும் வியாபாரி கேட்டார்.

“என்ன மாஸ்டர், தட்டையண்ணையைக் காணேல்லை. சுகமில்லையோ?”

சொன்னேன். அவர் தராசைக் கீழே வைத்தார்.

“கார் போனதுதான். நாங்கள் வேறை ஆரோ எண்டெல்லோ நினைச்சம்.”

பிறகு தராசை எடுத்துக் கத்தரிக்காயை நிறுத்துத் தந்தார். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.