சாவுச் செய்தி வரும் குழு

என் அக்கா அங்கம்மா சாஆ என்ற ஊரில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். பதினாறு வயதில் செனாய் நகரத்துக்கு வந்து, முப்பத்தொன்பது ஆண்டுகள் தொழிற்சாலையில் கால் கடுக்க நின்று வேலை செய்தாள். ஐம்பத்தைந்து வயதில் கைக்கு வந்த இ.பி.எஃப். சேமநிதியில் அறுபதாயிரம் வெள்ளிப் பணத்தை மூன்றே மாதத்தில் ஒருவன் விழுங்கிவிட்டான். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அக்கா ஏமாளி இல்லை. பரிசு விழுந்திருக்கிறது என்று எவனாவது போன் செய்தால் கண்டபடி திட்டிவிட்டுத்தான் வைப்பாள். ஆனால் பணத்தை விழுங்கிய இந்தக் கிரிப்டோ முதலீடு வந்தது எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில். தோட்டத்தை விற்று ஆட்கள் திசைக்கொருவராகப் போன பிறகு, யார் இறந்தார்கள், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று சொல்வதற்காக வைத்த குழு அது. அதில் யாரும் பொய் சொல்லி நாங்கள் பார்த்ததில்லை. சம்பளக் கணக்கு எழுதிய கிராணியின் மகன் யுகேந்திரன், நாசமாய்ப் போகிறவன், அங்கேதான் கடை விரித்தான். மாதம் நூற்றுக்குப் பன்னிரண்டு லாபமாம். முதல் மாத லாபத்திலிருந்து முந்நூறு வெள்ளியைக் கையிலும் கொடுத்தான். புழு வைக்காமல் எவன் தூண்டில் போடுவான்?

போன மாதம் அக்காவின் பணம் எண்பத்து நாலாயிரம் என்று அவன் கொடுத்த ஆப் காட்டியது. எடுக்கக் கேட்டாள். முதலில் எட்டாயிரம் வரி கட்ட வேண்டும் என்று யுகேந்திரனே வீட்டுக்கு வந்தான்; நானும் அங்கே இருந்தேன். அவளிடம் மிச்சமிருந்தது கழுத்துச் சங்கிலி மட்டும்.

“எம் பணம் ஒங்ககிட்டதானே இருக்கு? அதுலேயே எட்டாயிரத்தப் புடிச்சிக்கிட்டு மிச்சத்தக் கொடுப்பா,” என்றாள்.

“அப்படி முடியாதுக்கா. சிஸ்டம் விடாது லா.”

“ஒங்கப்பா அரிசிக்காசு, கோயில் வரி எல்லாத்தையும் சம்பளத்துல புடிச்சிக்கிட்டுத்தான் எங்கம்மாகிட்ட நீட்டுவாரு. பணத்த வச்சிருக்கிறவன் புடிச்சிக்குவான்டா. இல்லாதவன்தான் கட்டச் சொல்லுவான்.”

அவன் எழுந்து செருப்பைத் தேடினான். சட்டையைப் பிடிக்காமல் விட்டேனே என்று இன்றும் ஆத்திரம் தீரவில்லை.

அன்றே போலீசில் புகார் கொடுத்தோம். குழுவிலும் போடு என்று சொன்னேன்.

“வெக்கமா இருக்குடா. எல்லாரும் சிரிப்பாங்க,” என்றாள்.

நானும் அதே குழுவில்தான் இருக்கிறேன். நானும் போடவில்லை. பத்தாம் நாள் யுகேந்திரன் மறுபடி அங்கே லாபக் கணக்கைக் காட்டிப் படம் போட்டான். அதைப் பார்த்த அக்காவுக்கு வெறி வந்துவிட்டது. சாவுச் செய்தி எழுதும் அதே தோரணையில் எழுதினாள்: ‘சாஆ தோட்டம் அங்கம்மாவின் அறுபதாயிரம் வெள்ளி காலமாகிவிட்டது. கொன்றவன் யுகேந்திரன். வரி கேட்டால் யாரும் கட்டாதீர்கள்.’

ஐந்து நிமிடத்தில் அக்காவுக்குப் போன் வந்தது; ஸ்பீக்கரில் போட்டாள். தோட்டத்தில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் சாந்தினி, இப்போது கெலாங் பாத்தாவில் இருப்பவள்.

“அக்கா, நேத்துதான் தாலிக்கொடிய அடகு வச்சி அவனுக்கு வரி கட்டுனேன்.” அழுதாள். “ஒங்களுக்கு எப்பக்கா தெரியும்?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“பத்து நாளாச்சும்மா,” என்றாள்.