ஏனுங்கன்னு பேசுன ஒடக்கான் கூட்டம்

ஞாயித்துக்கிழமை காலைல தறி ஓடாது. வாரம் பூரா தடதடன்னு கேட்ட காதுக்கு அந்த அமைதியே ஙொய்ங்னு இருக்கும்... அன்னிக்கு மட்டும்தான் எங்க டிவி சத்தம் எங்களுக்கே ஒழுங்கா கேக்கும்.

தொண்ணூறுகளோட கடைசி. சோமனூர் பக்கம் வீடு. அப்பத்தான் கேபிள் கனெக்‌ஷன் வந்திருந்துச்சு. வெளிநாட்டுல வருசக்கணக்கா ஓடிட்டிருந்த ஒரு விண்வெளி சீரியலைத் தமிழ்ல டப் பண்ணி ஞாயிறு பத்து மணிக்குப் போடுவாங்க.

அதுல ஒரு கூட்டம் வரும். பச்சைத் தோலு, உடம்பெல்லாம் செதில். மனுசன் வர்றதுக்கு முன்னாடி இந்த பூமியே அவங்களோடதாம். மண்ணுக்குள்ள தூங்கப் போனவங்க முழிச்சு வந்து பாத்தா, மேல நாம வீடு கட்டிக் குடியிருக்கோம். எங்கூர்ல ஓணானை ஒடக்கான்னு சொல்லுவோம். அதனால எங்க தெருவுல அவங்களுக்குப் பேரு ஒடக்கான் கூட்டம்.

டப்பிங்ல மனுசங்க எல்லாம் சுத்தமான தமிழ் பேசுவாங்க. கேப்டன் நியூஸ் வாசிக்கிற மாதிரியே பேசுவான். ஒடக்கானுக மட்டும் எங்க பேச்சு.

"ஏனுங்க, இது எங்க பூமிங்க. காலி பண்ணிப்போட்டு போயிருங்க."

சொல்லி முடிச்சதும் நாக்கை நீட்டி ஒரு ஸ்ஸ்ஸ்...

எவனோ ஒருத்தன் ஏசி ரூம்ல உக்காந்து யோசிச்சிருக்கான். செதில் வெச்ச ஜந்து எப்படிப் பேசும்? கோயமுத்தூர்க்காரங்க மாதிரி பேசும். இத்தனை வருசமாச்சு, அவன் மேல இருக்குற கோவம் எனக்கு இன்னும் தீரல.

ஆனா அப்ப எனக்குக் கோவம் வரல. ஏன்னா அம்மா அவ்வளவு சந்தோசமா சிரிச்சாங்க. ஞாயிறானா சீக்கிரமே சமையலை முடிச்சுட்டு பத்து மணிக்கு டிவி முன்னாடி வந்து உக்காந்துடுவாங்க.

"பாரு கண்ணு, நம்மளாட்டவே பேசுதுங்க. மருவாதியாத்தான கேக்குதுங்க... குடுத்துப்போட்டாத்தான் என்ன?"

நான் டவுன்ல இங்கிலீஷ் மீடியம். எட்டாவது. பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு அம்மா பட்டுப்புடவை கட்டிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்தாங்க. நாங்க எல்லாரும் கிளாஸ்லதான் இருந்தோம். அம்மா டீச்சர் டேபிள்கிட்ட போய்க் கேட்டாங்க.

"ஏனுங்க டீச்சர், புள்ள எப்படிங்க படிக்குது?"

கடைசி பெஞ்சுல இருந்து ஸ்ஸ்ஸ்... அப்புறம் பக்கத்து பெஞ்சு... அப்புறம் கிளாஸ் பூரா.

டீச்சர் அதட்டியிருக்கணும். அவங்களும் சிரிச்சாங்க. "தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க பேசறது அப்படியே அந்த சீரியல் மாதிரியே இருக்கு."

அந்த ஸ்ஸ்ஸ் என்னன்னு அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல. எங்க வீட்ல அந்த சீரியலை அவங்க அளவுக்கு ரசிச்சுப் பாத்தவங்க கிடையாது.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு அம்மா சமையக்கட்டுலயே இருந்துட்டாங்க. கூப்பிட்டேன். "நீ பாரு"ன்னாங்க. எப்பவும் கூட வர்ற அந்தக் 'கண்ணு' இல்ல.

அதுக்கப்புறம் சாயங்காலம் நியூஸ் ஓடறப்ப அம்மா உதடு லேசா அசையும். வாரேன் வர்றேன் ஆச்சு. ஊடு வீடு ஆச்சு. அடுத்த மீட்டிங்ல "சரி மேடம், நன்றி மேடம்" மட்டும்தான். "அம்மா எவ்வளவு டீசன்ட்டா மாறிட்டாங்க"ன்னு அந்த டீச்சர் என்கிட்ட பாராட்டினாங்க. பாராட்டாம்...

ஒடக்கான் கூட்டம் கடைசியில தோத்துப்போய் மறுபடி மண்ணுக்குள்ள தூங்கப் போச்சு. அப்பவும் "போயிட்டு வாரோமுங்க"ன்னுதான் சொல்லிச்சு. அந்த எபிசோடை நான் தனியாத்தான் பாத்தேன்.

இதை இப்ப ஏன் எழுதறேன்னா, நேத்து எங்க ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வீடியோ வந்துச்சு. "எங்க கொங்குத் தமிழ், எங்க மரியாதை"ன்னு. போட்டது அந்தக் கடைசி பெஞ்சு ஆளேதான். எத்தனை ஹார்ட்டு... இப்ப ஹோட்டல் போர்டுல ஏனுங்க, டீ-ஷர்ட்ல ஏனுங்க. க்யூட்டா இருக்காம். நல்லா இருங்கப்பா.

அம்மா இப்ப என்கூடத்தான் இருக்காங்க. போன பொங்கலுக்கு எங்க அபார்ட்மென்ட்ல கீழ ஒரு பொண்ணு போனைத் தூக்கிட்டு அம்மாகிட்ட வந்துச்சு. "ஆன்ட்டி, நீங்க சோமனூர்தானே? கொங்கு ஸ்லாங்ல ரெண்டு வார்த்தை பேசுங்க, ரீல்ஸ் போடணும்."

"எனக்கு அப்படியெல்லாம் பேச வராதும்மா."

அந்தப் பொண்ணுகிட்ட சும்மா சொல்றாங்கன்னுதான் நினைச்சேன். மேல வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினதும் கேட்டேன், "அம்மா, ஒருக்கா என்னைய கண்ணுன்னு கூப்புடேன்."

அம்மா சாத்தின கதவைத் திரும்பிப் பாத்தாங்க.

"வேண்டாம்மா... யாருக்காவது கேட்டுடப் போகுது."

வீட்ல நாங்க ரெண்டு பேரு மட்டும்தான் இருந்தோம்.