நாடா தேய்ந்த இடம்

பாச்சாங்கில் பழைய சாமான் விற்கிறவரிடம் ஒரு வீடியோ கேசட்டை எடுத்து முகர்ந்தேன். பூஞ்சை பிடித்த அந்தப் பிளாஸ்டிக் வாசனைக்குள், இன்று இடித்துச் செம்பனை நட்டுவிட்ட எங்கள் செலண்டார் தோட்டத்து வீட்டில், ஜன்னல்களை அடைத்த கூடத்தின் சிமெண்டுத் தரையில், தலை வாராமல் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் ஒருவனோடு பேசினாள் என்று அப்பா அவள் படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய வருஷம் அது. நான் பள்ளி விட்டு வந்ததும், ஒரே குங்ஃபூ நடிகரின் படங்களை மாற்றி மாற்றிப் போட்டு, எந்தச் சண்டை உசத்தி என்று வாதாடுவோம். எனக்கு, மீன் மார்க்கெட்டில் ஐஸ் கட்டிகள் மேல் வழுக்கிக்கொண்டே அவர் ஏழு பேரை உதைப்பது. அக்காவுக்கு, பூட்டிய கதவை ஒரே உதையில் பெயர்த்துவிட்டு அவர் வெளியே நடப்பது. அதையே திரும்பத் திரும்ப ஓட்டி, அந்த இடத்தில் மட்டும் நாடா தேய்ந்து படத்தில் வெள்ளைக் கோடுகள் விழுந்தன.

"அது சண்டையே இல்ல லா, அக்கா. யாருமே அடி வாங்கல."

"வெளிய போயிட்டான்ல? அப்புறம் எதுக்கு அடிக்கணும்?"

அப்பா என்னை நம்பிக் கொடுத்த சாவி, நான் உள்ளே வந்து வாசல் கிரில் கதவைப் பூட்டிய பிறகு, என் சீருடைப் பையில்தான் இருக்கும். அக்கா அதை ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டாலும் கொடுக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.