டீம் என்றால் ஒருமை

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அலுவலகம் எங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது ஒன்றே ஒன்று, இங்கிலீஷ் வகுப்பு. அதையும் சாப்பாட்டு நேரத்தில்தான் வைப்பார்கள். சாம்பார் வாசனை வரும் என்று யாரும் டப்பாவைத் திறக்க மாட்டோம். பசியோடு இலக்கணம் படிப்போம்.

அன்றைய பாடம், எழுவாய்க்கு ஏற்ற வினை. "டீம்ல எத்தனை பேர் இருந்தாலும் அது ஒருமை. ‘டீம் இஸ்’னுதான் சொல்லணும்" என்றார் பயிற்சியாளர். "அவளும் நானும்னு ‘அண்ட்’ போட்டுச் சேர்த்தா, அது பன்மை." எனக்கு அந்த ‘அண்ட்’ பிடித்துப்போனது. அதில் இரண்டு பேரும் கண்ணுக்குத் தெரிகிறார்கள். டீமில் யாருமே தெரிவதில்லை.

சும்மா சொல்லவில்லை. நானும் ராய்ச்சூரிலிருந்து வந்த என் தோழியும் சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருந்தோம். கோளாறை நாங்கள் கண்டுபிடிப்போம். வாரா வாரம் லண்டன் வாடிக்கையாளரோடு நடக்கும் வீடியோ காலில் எங்கள் டீம் லீட், "டீம் கண்டுபிடித்திருக்கிறது" என்பார். நாங்கள் இருவரும் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். "நீங்க பேச வேணாம்மா, கிராமர் இடிக்குது. நான் பாத்துக்கறேன்" என்பது அவர் உத்தரவு. அவர் காக்ஸ் டவுனில் பிறந்து கான்வென்டில் படித்தவர். நான் திண்டிவனத்தில் தமிழ் மீடியம். அந்த ‘ம்மா’வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு இல்லை என்றார்கள். ஏன் என்று லீடிடம் போய்க் கேட்டேன்.

"நீதான் கால்ல வாயே திறக்கறதில்லையேம்மா. கம்யூனிகேஷன் போதாது."

என் வாயைப் பொத்தியவரே இப்படிச் சொன்னால் என்ன செய்வது? எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எத்தனை வருஷமானாலும் இந்த மைக்கை யாரும் எனக்காகத் திறந்துவிடப் போவதில்லை என்று புரிந்தது.

அடுத்த காலில் வாடிக்கையாளரான லண்டன் அம்மையார், பணம் கட்டும் பக்கம் ஏன் பாதியில் நின்றுவிடுகிறது என்று கேட்டார். "டீம் இஸ் செக்கிங்" என்றார் லீட். முந்தின நாளே நாங்கள் காரணத்தைக் கண்டுபிடித்து அவருக்கு மெயில் அனுப்பியிருந்தோம். அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. அம்மையார் மறுபடியும் கேட்டார். லீட் அதையே திருப்பிச் சொன்னார்.

நான் மைக்கைத் திறந்தேன். "மை ஃப்ரெண்ட் அண்ட் மீ வாஸ் ஃபைண்ட்" என்று ஆரம்பித்தேன். ஒருமை, பன்மை, காலம் எல்லாமே சேர்ந்து காலை வாரிவிட்டன. லீட் முகத்தைச் சுளித்தார். நான் நிறுத்தவில்லை. முதல் முறை பணம் போகாமல் மறுபடி முயற்சி செய்தால் பழைய முயற்சி முடியாமல் குறுக்கே நிற்கிறது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். தோழி திரையில் காட்டினாள். அம்மையார் இடையில் கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். கடைசியில், இப்போதுதான் விளங்குகிறது என்றார்.

கால் முடிந்ததும் லீட் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார்.

"ரெண்டு பேர்னா ‘வாஸ்’ இல்லம்மா, ‘வேர்’ வரும். கிளாஸ்ல சொல்லித் தரலையா?"

"தந்தாங்க. அடுத்த வாரம் ‘வேர்’னே சொல்றேன். ஆனா நான்தான் சொல்வேன்."

எங்களோடு பழகித் தமிழ் புரிந்துகொள்ளும் என் தோழி, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, தானும்தான் என்று கன்னடத்தில் சொன்னாள்:

"நானூ."