பத்து நிமிடக் கொரியச் சோறு

பத்தே நிமிடத்தில் செய்துவிடலாம் என்று மகள் காட்டிய சமையல் வீடியோவில் வந்த பெண் சொன்னாள். அவளுக்குச் சொந்த வீடாக இருக்க வேண்டும். வாடகை வீட்டில் மாட்டுக்கறி சமைக்க எனக்கு எப்போதும் அரை நாள் பிடித்திருக்கிறது.

சிதம்பரத்தில் அந்த மாடி வீட்டைப் பார்க்கப் போனபோது, கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா கேட்ட முதல் கேள்வி, "நீங்க என்னா சாப்புடுவீங்க டீச்சர்?" என்பதுதான். "மட்டன், சிக்கன், மீனு, எல்லாம்தாங்க," என்றேன். அந்த 'எல்லாம்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு மாட்டை மறைத்து வைத்துக்கொண்டு பதினோரு வருடம் குடியிருந்தோம்.

கடலூரில் நான் பிறந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மாட்டுக்கறிதான். சர்ச்சிலிருந்து திரும்பும்போது தெருமுனையிலேயே மணம் வரும். யாரும் எதையும் மூடியதில்லை, ஏனென்றால் தெரு முழுவதும் எங்கள் ஆட்கள். படித்து, வேலை வாங்கி, நாலு பேர் மதிக்கிற தெருவுக்குக் குடிவந்த பிறகுதான் சமையலறை ஜன்னலை மூடக் கற்றுக்கொண்டேன். முன்னேற்றம் என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

சிதம்பரத்திலும் கறி கிடைக்கும். ஆனால் கடையில் நிற்பதை என் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது பார்த்துவிட்டால்? அதனால் சிப்காட்டில் வேலை பார்க்கும் என் கணவர், ஷிப்ட் முடிந்ததும் கடலூரிலேயே வாங்கி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, கடத்தல்காரர் மாதிரி ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் வருவார். நான் ஜன்னலை மூடிவிட்டு அடுப்பைப் பற்றவைப்பேன். குக்கரை இறக்கியதும் சாம்பிராணி போடுவேன். "ஞாயித்துக்கெழம தவறாம டீச்சர் வீட்ல சாம்பிராணி மணக்குது, என்னா பக்தி பாருங்க!" என்று வீட்டுக்கார அம்மா பக்கத்து வீட்டில் என்னைப் புகழ்ந்திருக்கிறார். பொய் சொல்லும் பிள்ளையை வகுப்பு முடியும்வரை நிற்க வைக்கும் டீச்சர் நான்.

கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் என் மகளுக்குக் கொரியப் பைத்தியம். அந்த ஊர்த் தொடர்களில் யாராவது அழுதால் இவளும் அழுவாள், யாராவது சாப்பிட்டால் இவளுக்கும் பசிக்கும். ஒருநாள் அந்த வீடியோவைக் காட்டி, "நம்ம கொத்துக்கறிதாம்மா, சோத்து மேல போட்டுத் தராங்க," என்றாள். என் அம்மா வாரம் தவறாமல் செய்ததைக் கொரியாவிலிருந்து எனக்குச் சொல்லித்தர ஒருத்தி வந்துவிட்டாள்.

கணவர் கொத்துக்கறி கொண்டுவந்தார். கடைக்காரர், "உருண்டைக்கா?" என்று கேட்டாராம். "இல்ல, கொரியாவுக்கு," என்று இவர் சொல்ல, அவர் ஐஸ் போட்டு இரட்டைப் பையில் கட்டிக்கொடுத்துவிட்டாராம்.

பூண்டும் இஞ்சியும் வதக்கி, கறியைக் கொட்டிக் கிளறி, சோயா சாஸும் நாட்டுச் சர்க்கரையும் போட வேண்டும். கறியில் சர்க்கரை! மகள் ஆன்லைனில் வரவழைத்த சிவப்பு மிளகாய் விழுதை நக்கிப் பார்த்தேன், அதுவும் இனித்தது. கடைசியில் எள் எண்ணெய் என்றாள். எள் எண்ணெய்க்கு நம்மிடமா பஞ்சம்? நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன். வறுத்த எள்ளில் எடுக்கிற எண்ணெய் வேறு, அதில் சில சொட்டு விட்டால் போதும் என்பது பிறகுதான் தெரிந்தது. மகள் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, "எண்ண தேச்சுக் குளிச்ச மாதிரி இருக்கும்மா," என்றாள். சோறும் சரியில்லையாம், ஒட்ட வேண்டுமாம். பொலபொலவென்று சோறு வடிப்பதற்காக மாமியாரிடமே பேர் வாங்கியவள் நான். கொரியர்கள் மாதிரிக் குச்சியால் எடுத்தால் பாதி வாய்க்கும் பாதி தரைக்கும் போனது.

இந்தக் கூத்தையெல்லாம் போனில் படம் பிடிக்க வெளிச்சம் போதவில்லை என்று அவள் ஜன்னலைத் திறந்திருந்தாள். அடுப்பு வேலையில் நான் கவனிக்கவில்லை. கவனித்தபோது வீட்டுக்கார அம்மா மாடிப்படி ஏறி வாசலில் நின்றார்.

"என்னா வாசனை டீச்சர், கீழ வரைக்கும் தூக்குது!"

"கொரியன் சாப்பாடு ஆன்ட்டி," என்றாள் மகள்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. அவரும் மத்தியானங்களில் தமிழில் பேசும் கொரியத் தொடர் பார்ப்பவர். என் மகளுக்கு டைபாய்டு வந்தபோது பத்து நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எனக்கும் ஒரு வாய் குடு பாப்பா," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மட்டன்தான?" என்றார்.

கரண்டி மகள் கையில் அப்படியே நின்றது. அவள் என் வாயைப் பார்த்தாள். ஆமாம் என்றால் வீடு மிஞ்சும். ஆனால் டைபாய்டுக்குக் கஞ்சி வைத்தவருக்கு, அவர் தொடாத ஒன்றைப் பொய் சொல்லி ஊட்ட வேண்டும். அதை என் மகள் பார்க்க வேண்டும்.

"மாட்டுக்கறிங்க," என்றேன். அந்த வீட்டில் அந்தச் சொல்லை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு எனக்காக வருத்தப்பட்டவர் போல, மெதுவாக, "கொரியா மாடுதான டீச்சர்? டின்ல வருமே, அதான?" என்றார்.

எவ்வளவு நல்ல மனசு. நான் தலையை ஆட்டினால் போதும், பாவம் முழுக்கக் கப்பலேறிக் கொரியாவுக்குப் போய்விடும்.

"இல்லீங்க. கடலூர் மாடு. நாங்க பொறந்ததுலருந்து சாப்புடறதுதான்."

அவர் நாற்காலியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனார். அடுத்த மாதம், "மகன் குடும்பத்தோட வர்றான், மாடி தேவப்படுது," என்றார். நாங்கள் காலி செய்தோம். அந்த மகன் இன்றுவரை வரவில்லை, மாடியில் ஒரு வங்கி அதிகாரி குடியிருக்கிறார். எனக்கு அந்த அம்மா மேல் கோபமில்லை என்று எழுதினால் பெருந்தன்மையாக இருக்கும். கோபம் இருக்கிறது. அந்தக் கஞ்சியும் நினைவிருக்கிறது, அதனால் கோபம் ஜாஸ்திதான் ஆகிறது.

அண்ணாமலை நகர் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனோம். சாவியுடன் வந்த வீட்டுக்காரர் பெரியவர். "அசைவம் சமைப்பீங்களாம்மா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"சமைப்போம் அங்கிள். மட்டன், சிக்கன், மீனு, மாட்டுக்கறி."

நாலையும் ஒரே குரலில் சொன்னாள். அவர் சமையலறைச் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"எதயாச்சும் சமைங்க. ஜன்னல மட்டும் தொறந்து வெச்சுக்குங்க. முன்னாடி இருந்தவுங்க நல்லவுங்கதான், ஆனா ஞாயித்துக்கெழம ஆனா ஜன்னலச் சாத்திக்கிட்டுதான் சமைப்பாங்க. செவுரெல்லாம் பிசுக்கு. இப்பதான் பெயின்ட் அடிச்சேன்."

அவர்கள் என்ன சமைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.