மாமாவின் கைக்கு ஒரு பத்தியம்

நான் பிறந்தபோது தலைக்கு முன்னால் கால்தான் வெளியே வந்ததாம். அன்றைக்கு அம்மா பட்ட பாட்டைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. ஊருக்கு ஒரு வைத்தியச்சி கிடைத்துவிட்டாள் என்றுதான் பேசினார்கள். காலால் பிறந்த பிள்ளை காலால் நீவி விட்டால் சுளுக்கும் பிடிப்பும் போய்விடும் என்று பரளச்சிப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் எங்கள் வாசலில் குப்புறப் படுப்பார்கள். நான் ஏறி மிதிப்பேன். எழுந்து, "லேசாயிருச்சு" என்று சொல்லி, காரச்சேவுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு நேராகக் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். இரண்டாம் வகுப்பிலேயே எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

அந்த வருஷம் என் வைத்தியத்துக்கு மாமாவின் கை வந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மதுரைக்குப் படிக்கப் போன இடத்தில் கிடார் கற்றுக்கொண்டு, திருவிழாக் கச்சேரிகளில் வாசித்து, பிறகு கோவாவில் ஓர் ஓட்டலில் ஜாஸ் வாசிக்கிற குழுவில் சேர்ந்திருந்தார். சுற்றுலாக் கப்பல் ஒன்றில் வாசிக்க ஆள் எடுக்கிறார்கள், சென்னையில் தேர்வு என்று தெரிந்ததும் ஓட்டல் வேலையை விட்டுவிட்டு, பயிற்சி எடுக்க ஊருக்கு வந்துவிட்டார். தாத்தா வீட்டில் பருத்தி மூட்டைகள் அடுக்கிய அறையில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வாசித்தார்.

தாத்தாவுக்கு அது வேலையாகவே தெரியவில்லை. "உக்காந்து கம்பியச் சொறிஞ்சுக்கிட்டு இருக்கான்" என்பார், அறைக்குள் கேட்கும்படியாக. அதைக் கேட்டு மாமா இன்னும் வேகமாக வாசிப்பார். அவரும் கரிசலைக் கொத்திப் பிழைத்தவரின் மகன்தானே. வலிக்கிறது என்றால் வேலை நடக்கிறது என்றே அவருக்கும் பட்டிருக்க வேண்டும்.

ஒரு நாள் காலை காபி டம்ளர் அவர் இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. மணிக்கட்டு வீங்கியிருந்தது. தாத்தா அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவாயில்லையே, இதுவும் வேலைதான் போல" என்றார். தன் வாசிப்பைப் பற்றி அவர் வாயிலிருந்து மாமா கேட்ட முதல் நல்ல வார்த்தை அதுதான்.

அருப்புக்கோட்டை டாக்டர் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். இப்படியே வாசித்தால் பிறகு வாசிக்கவே முடியாமல் போகலாம் என்றும் சொல்லி அனுப்பினார். மாமா ஒரு நாள் கட்டிலில் கிடந்தார். தாத்தா அந்தப் பக்கமாகவே நடந்துகொண்டிருந்தார்.

"வேலை செஞ்சு வந்த வலி வேலை செஞ்சாத்தான்லே போகும். களை வெட்டுறவுக எல்லாம் கட்டில்ல படுத்துட்டா காடு என்னத்துக்கு ஆகும்?"

மறுநாள் மாமா மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் அறைக்குள் போனார். நான் அவருக்குச் சேவு கொடுக்கப் போனபோது கிடார் மடியில் இருந்தது, சத்தம் இல்லை. இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "விரலு மடங்க மாட்டேங்குது பாப்பா" என்றார். பெரியவர்கள் என்னிடம் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

அம்மாவை அதே ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அம்மாச்சி இறந்துபோனபிறகு இரண்டு வீட்டுக்கும் சமையல் அம்மாதான். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தவள், தாத்தா இருக்கும் நேரமாகப் பார்த்து, "இவளை வச்சு நீவிப் பாப்போம்" என்றாள்.

மாமா பாயில் படுத்துக் கையை நீட்டினார். நான் வழக்கம்போல மிதிக்கப் போனேன். "ஏறிராத தாயி. சும்மா வையி, காலு கனம் தானா இறங்கும்" என்றார். வைத்தேன், மெதுவாக நீவினேன். எழுந்து உட்கார்ந்தவரிடம் கேட்டேன், "போயிருச்சா மாமா?"

அவர் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அது எப்படி உடனே போகும்? பத்தியம் இருக்கணும்ல. தண்ணி தூக்கக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது. கிடாரைக் கொஞ்ச நேரந்தான் தொடலாம். வலிக்குதுன்னா அப்பவே வச்சிரணும்." தாத்தா பக்கம் திரும்பி, "மீறுனா அந்த வலி பிள்ளை காலுக்கு வந்துரும்யா" என்றாள்.

இதற்கு முன் யாருக்கும் பத்தியம் என்று ஒன்று இருந்ததில்லை. என் வைத்தியம் ஒரு படி மேலே போய்விட்டதாக நினைத்துக்கொண்டேன். மாமா அம்மாவை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் சொன்ன ஓய்வு அந்த வீட்டில் செல்லவில்லை, பத்தியம் செல்லுபடியானது. தாத்தாவே அதற்குக் காவல் இருந்தார். அறைக்குள் சத்தம் கொஞ்சம் நீண்டால் வெளியிலிருந்து இருமுவார். "ஏலே, போதும் வையி. பிள்ளை காலு."

வீக்கம் மெல்ல வடிந்தது. மாமா கொஞ்சம் வாசிப்பார், கிடாரைச் சாய்த்து வைப்பார், இரண்டு கைகளையும் துணி காயப்போட்டதுபோலத் தொங்க விட்டுக்கொண்டு கண்மாய்க் கரையில் நடந்துவிட்டு வருவார். ஒரு நாள் வெறும் தொடையில் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என்னலே பண்ற?" என்றார் தாத்தா.

"மனசுக்குள்ள வாசிக்கிறேன்யா."

"அதுக்கும் சம்பளம் தருவாகளா?"

"அதைச் சரியா வாசிச்சாத்தான் தருவாக."

சாயங்காலம் அம்மா அரிசி புடைக்கும்போது மாமா பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். நான் அம்மா மடியில் கிடப்பேன். "இந்தப் பாட்டுல நடுவுல என்ன வாசிக்கப் போறோம்னு நமக்கே தெரியாதுக்கா. கை இறுகியிருந்தா நேத்து வாசிச்சதையேதான் வாசிக்கும். இளகியிருந்தாத்தான் புதுசா ஏதாவது வரும்." இன்னொரு நாள், கம்பியில் விரலை வைத்துச் சத்தம் வருகிறவரை மட்டும் அமுக்கிக் காட்டினார். "பேசுறதுக்கு இம்புட்டுப் போதும். இதுக்கு மேல நான் அமுக்குனது எல்லாம் பயம்." அம்மா சுளகை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாமா சொன்ன அந்த வார்த்தை இப்போது அடிக்கடி ஞாபகம் வருகிறது. என் மகள் பென்சிலை அழுத்தி எழுதுகிறாள், தாள் கிழிந்துவிடுகிறது என்று பள்ளியில் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்து "அமுக்காதே, அமுக்காதே" என்கிறேன். நான் சொல்லச் சொல்ல அவள் விரல் நுனி வெளுக்கிறது. சொல்லாமல் விட்டால் பொறுப்பில்லாத தாயாகிவிடுவேனோ என்றும் இருக்கிறது. எந்த அளவுக்குச் சொன்னால் போதும் என்று எனக்கு யாரும் காட்டித் தரவில்லை.

மாமா சென்னைக்குப் போனார். சில நாளில் போன் வந்தது. தாத்தா ரிசீவரைக் காதில் வைத்து, "சரிய்யா, சரிய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். கப்பல் வேலை கிடைத்துவிட்டது. பஸ்ஸிலும் டீக்கடையிலும் அவர் பேத்தியின் காலைப் பற்றித்தான் பேசினார். ரெட்டியபட்டியிலிருந்துகூடச் சுளுக்குக்காரர்கள் வந்தார்கள்.

அந்தப் பருத்தி எடுப்பு நாட்களில் ஒரு மத்தியானம். காட்டிலிருந்து வந்த அம்மா அடுப்படித் தரையில் அப்படியே படுத்து வலது கையை நீட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே மினுமினுவென்று வீங்கியிருந்தது.

"பாப்பா, எனக்கும் கொஞ்சம் நீவி விடு."

மாமாவுக்குச் செய்தது போலவே காலை மெதுவாக வைத்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வெளியிலிருந்து தாத்தா, "ஆத்தா, சோறு ஆச்சா?" என்றார்.

"இந்தா வாரேன்யா" என்று அம்மா எழுந்தாள்.

"பத்தியம் இருக்கணும்மா" என்றேன்.

"எனக்கு அது வேண்டாம். போயிருச்சு பாரு" என்று உலைப்பானையை இரண்டு கையாலும் பிடித்து இறக்கிக் கஞ்சி வடித்தாள்.

மாமாவின் கை சரியாக எத்தனையோ நாள் ஆயிற்று. அம்மாவுக்கு வைத்த மாத்திரத்தில் போய்விட்டது. என் காலுக்குச் சக்தி கூடிவிட்டது என்று அன்றைக்கு நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.