குதிகால் கல்

என் தம்பி ஒரு புளுகன். இதை நான் சொன்னால்தான் பொருத்தம், ஏனென்றால் அவனுக்குப் பேசக் கற்றுக்கொடுத்த பாவி நான்தான். அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பத்தொன்பது. சோறு போட்டேன், சட்டை தைத்துப் போட்டேன், அவன் பேச்சையும் கேட்டேன். மூன்றாவதுதான் கஷ்டமான வேலை. தூங்கும்போது மட்டும்தான் அவன் வாய் மூடியிருக்கும், அதுவும் எல்லா நாளும் இல்லை. தெருவில் அவனுக்கு ரேடியோ என்று பேர்.

எங்கள் ஊர் ஆற்றங்கரை ஊர். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் எங்கு திரும்பினாலும் கோயில். முழுக்குப் போடத் தினமும் ஆயிரக்கணக்கில் வருவார்கள். ஆற்றுக்கு இறங்கும் ஒரு சந்தில் என் தையல் கடை இருக்கிறது. எட்டடி அகலம். முன்னால் மிஷினும் வெட்டும் மேஜையும், திரைக்குப் பின்னால் கட்டிலும் அடுப்பும். கடையும் அதுதான், வீடும் அதுதான். வாசலில் திறந்த சாக்கடை ஓடுகிறது, அதைத் தாண்ட ஒரு கல் போட்டிருக்கிறது. இந்தக் கதையே அந்தக் கல்லைப் பற்றியதுதான்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். பதினாறு வருஷத்துக்கு முன்பு சந்தின் மேல்முனையில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். கூலியோடு ஒரு கல்லையும் கேட்டு வாங்கித் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். இந்தப் பக்கம் அவர் பிடிக்க, அந்தப் பக்கம் ரேடியோ பிடிக்க, சாக்கடை மேல் போட்டுச் சிமெண்டு பூசினார்கள். கல்லின் நடுவில் உருண்டையாக ஒரு குழி. பழைய காலத்துக் கதவுக்குக் கீல் கிடையாது. கதவின் அடிமூலையில் குடுமி மாதிரி ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும், அது கல்லில் தோண்டிய குழியில் உட்கார்ந்து சுழலும். நூறு வருஷம் கதவு சுழன்று சுழன்று தேய்ந்த குழி அது. இது என் வீட்டுக்காரர் சொல்லி எனக்குத் தெரியும். பக்கத்திலேயே நின்று கேட்ட என் தம்பிக்கும் தெரியும்.

ரேடியோ பள்ளிக்கூடத்தில் தேறவில்லை. பஸ் நிலையத்தில் ஊர்ப் பேர் சொல்லிக் கூவினான், படகுத்துறையில் ஆள் சேர்த்தான். பிறகு ஒரு கம்பெனி 'பாரம்பரிய நடை' என்று ஆரம்பித்தது. காலை ஆறு மணிக்கு மணிக்கூண்டில் ஆட்களைச் சேர்த்து, இரண்டரை மணி நேரம் சந்து சந்தாக, படித்துறை படித்துறையாக நடத்திக் காட்டி, விளக்கம் சொல்லும் வேலை. கழுத்தில் கைடு அட்டையை மாட்டிக்கொண்டு வந்து அவன் என் முன்னால் நின்ற அன்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பாடப் புத்தகத்தைத் தொடாதவன் நூலகத்திலேயே கிடந்தான். கல்வெட்டு படிக்க ஒரு வாத்தியாரைத் தேடிப் பிடித்தான்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு ஒருநாள் ஆற்றில் வெள்ளம். கீழ்ப்படிகள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. நடையில் அரைமணி நேரம் குறைந்துபோய், வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் இருபது பேரையும் ஓட்டிக்கொண்டு என் சந்துக்கு வந்தான். குடை வைத்திருந்த ஒரு அம்மா கல்லைப் பார்த்து, "இது என்னப்பா குழி?" என்று கேட்டார். கதவுக் குழி என்று சொல்லியிருந்தால் ஐந்து விநாடியில் முடிந்திருக்கும். இவன் குரலைத் தாழ்த்தி, "ஒரு முனிவர் இங்க ஒத்தைக் கால்ல நின்னு பன்னிரண்டு வருஷம் தவம் பண்ணார்மா. அவர் குதிகால் அழுந்தின இடம் இது" என்றான். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார்.

நான் பாபினுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்றே எழுந்து வந்து நாலு பேர் முன்னால் அவன் காதைத் திருகியிருக்க வேண்டும். செய்யவில்லை. நின்றவர்கள் நான் தைத்து மாட்டியிருந்த துணிப்பைகளைப் பார்த்து ஆளுக்கொன்று வாங்கினார்கள், நானும் வாயை மூடிக்கொண்டேன். அதனால் இந்தக் கோபத்தில் ஒரு பங்கு என் மேலேயேதான். என் வீட்டுக்காரர் அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கே பூச்சுக் கரண்டியைத் தூக்கி எறிந்திருப்பார்.

வெள்ளம் வடிந்தது. பொய் வடியவில்லை. மற்ற கைடுகளும் அதே கதையை அளக்க ஆரம்பித்தார்கள். போட்டிக்கு இவன் இன்னும் கொஞ்சம் பூ சுற்றினான்: அந்தக் கல்லுக்கு வேர் ஆற்றுக்கடியில் போகிறதாம், ஏழு ஆட்கள் கடப்பாரை போட்டும் அசையவில்லையாம். குழியில் குதிகாலை வைத்தால் மூட்டுவலி போகும் என்று யாரோ சேர்த்தார்கள், அதையும் இவன் மறுக்கவில்லை. கம்பெனி ஒரு பலகை நட்டது. தினமும் நான் காய்ந்த பூவைக் கூட்டி அள்ளினேன். ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு கல்லில் ஏறினேன், எங்கிருந்தோ வந்த ஒரு ஆள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, செருப்புக் காலோட மிதிக்கிறீங்க? உங்களுக்கெல்லாம் அறிவு இல்ல?"

என் வாசற்படியில் நான் கால் வைக்கக்கூடாதாம். குடத்தை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டது அவர் செய்த புண்ணியம்.

பிறகுதான் நகராட்சி ஆபீஸிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. பாரம்பரியச் சின்னத்தைச் சுற்றிப் பதினைந்தடி காலியாக இருக்க வேண்டுமாம், ஒரு மாதத்துக்குள் நான் இடத்தை விட வேண்டுமாம். எட்டடிக் கடையில் பதினைந்தடி எடுத்தால் கட்டில் கால்கூட மிஞ்சாது. ஷட்டரில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன்.

"படி. சத்தமா படி."

படித்தான். முகம் வெளுத்தது.

"அக்கா, இப்படி ஆகும்னு நான் நினைக்கல."

"நீ எப்ப நினைச்ச? பேசத்தானே தெரியும். நாளைக்கே ஆபீஸுக்குப் போய் நான் சொன்னது பொய்னு சொல்லு."

"சொன்னா அட்டையைப் பிடுங்கிடுவாங்கக்கா. அப்புறம் ஒருத்தனும் என்னை வேலைக்கு வச்சுக்க மாட்டான்."

"உன்கிட்ட அட்டையைப் பிடுங்குவாங்க. என்கிட்ட வீட்டையே பிடுங்குறாங்கடா."

அவன் தாளை மடித்து என்னிடமே நீட்டினான். பிறந்ததிலிருந்து அவன் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். வேறு எந்த நாளாவது அந்த வாய் மூடியிருக்கக் கூடாதா என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஆபீஸுக்கு நானே மூன்று தரம் நடந்தேன். அங்கே ஒரு தொப்பிக்கார அதிகாரி இருந்தார். கெட்டவர் இல்லை, உட்கார நாற்காலி கொடுத்தார். ஆனால் மூன்று தரமும் ஒரே கேள்வி: "ஆதாரம் இருக்காம்மா?" இடித்த வீடு இல்லை, கல் போட்டவர் இல்லை. மிச்சம் இருக்கிற சாட்சி என் தம்பி, அவன் வாய் திறக்க மாட்டான். கடைசியில் அவர், "வர்ற வியாழக்கிழமை நடையில நானே வந்து பார்த்துட்டு முடிவு சொல்றேன்" என்றார்.

வியாழக்கிழமை காலை மணிக்கூண்டில் நானும் போய் நின்றேன். என் தம்பி, நாற்பத்தைந்து வயதுத் தடியன், என்னைக் கண்டதும் பாலைக் கொட்டிய பையன் மாதிரி முழித்தான். என்னைத் தெரியாதவன் போலத் திரும்பி, "எல்லாரும் வந்தாச்சா?" என்று ஆரம்பித்தான். அதிகாரி தொப்பியோடு நடுவில் நின்றார். நான் கடைசியில் நடந்தேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவன் நடையை நான் அதுவரை முழுதாகப் பார்த்ததே இல்லை. நன்றாகச் சொன்னான். படித்துறையில் நின்று, எந்தப் படி எந்த வெள்ளத்தில் உடைந்து எப்போது மாற்றியது என்று கல்லின் நிறத்தை வைத்தே காட்டினான். ஒரு கோயில் சுவரில் தலைகீழாகக் கிடந்த கல்வெட்டைக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு படித்தான். படகுக்காரர்கள் கொடுத்த ஒரு விளக்குக்கு எண்ணெய் வார்த்த கணக்கு அது, அத்தனை பேர் பெயரும் அதில் இருந்தது. எனக்கே சிலிர்த்தது. கூட வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். ஒருவர் கைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார், இன்னொருவர் குதிகால் கல் எப்போது வரும் என்று கேட்டார். இவன் முகம் சுருங்கியது. உண்மைக்கு ஒருத்தரும் காது கொடுக்கவில்லை என்பதைத் தினம் தினம் பார்த்திருக்கிறான். அதற்காக அவனை மன்னித்தேன் என்று நினைக்காதீர்கள். ஒன்றும் தெரியாதவன் புளுகினால் போனால் போகிறது என்று விடலாம். இத்தனை தெரிந்துகொண்டு புளுகினானே என்று எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

என் சந்துக்கு வந்தோம். கல்லைச் சுற்றி நின்றோம். அவன் என்னைப் பார்த்தான், அதிகாரியைப் பார்த்தான், தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ஒரு முனிவர் இங்க ஒத்தைக் கால்ல நின்னு..."

"போதும் நிறுத்து" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். "சார், இது கதவுக் கல்லு. என் வீட்டுக்காரர் தள்ளுவண்டியில வச்சுக் கொண்டுவந்து போட்டது. இவன் என் தம்பி. வண்டி தள்ளினதே இவன்தான்."

அதிகாரி பொறுமையாகத்தான் சொன்னார். "அம்மா, கடை போயிடுமேன்னு சொல்றீங்க. உங்க கஷ்டம் புரியுது."

அந்தப் 'புரியுது' என்னைச் சுட்டது. உள்ளே போய் பீரோவுக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரரின் கடப்பாரையை எடுத்து வந்தேன். வேர் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம் என்று சிமெண்டு விளிம்பில் குத்திச் சொருகி, முழு பலத்தையும் போட்டு அழுத்தினேன். அசையவில்லை. வேறு பக்கம் சொருகினேன். ஐம்பத்தேழு வயதில் எனக்கு இருந்த பலம் அவ்வளவுதான். ஏழு ஆள் கதையை நானே நிரூபித்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் நீலப் புடவை கட்டிய ஒரு பெண், "பாருங்க, அசையவே இல்ல" என்று கைகூப்பினாள். அதிகாரி நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

கடப்பாரையின் மேல் இன்னொரு கை விழுந்தது.

"அங்க இல்லக்கா" என்றான் என் தம்பி. "மாமா இந்த மூலையிலதான் கவர் வச்சார்."

கூட்டத்தைப் பார்த்து, தினமும் சொல்வது மாதிரியே, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான். ஆற்றுப் பக்கத்து மூலையில் கடப்பாரையைச் சொருகி ஒரே அழுத்து. சிமெண்டு பிளந்தது, கல் ஒருபக்கம் தூக்கிக்கொண்டது. இரண்டு பேராகப் புரட்டிப் போட்டோம். அடியில் செங்கல் சில்லும், நாலாக மடித்த ஒரு எண்ணெய்க் கவரும் இருந்தன. கல் ஆடாமல் இருக்க என் வீட்டுக்காரர் வைத்தது. பிளாஸ்டிக், சாயம்கூடப் போகவில்லை. தம்பி அதைப் பிரித்து அதிகாரியிடம் நீட்டினான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாக்கெட் போட்ட தேதியைப் படித்தார். பதினாறு வருஷத்துக்கு முந்திய தேதி.

"முனிவர் எல்லாம் யாரும் இல்ல. நான் கட்டின கதை. அஞ்சு வருஷமா சொன்னது அத்தனையும் பொய்" என்றான் தம்பி.

ஒருத்தர் சிரித்தார், ஒருத்தர் திட்டினார். அதெல்லாம் அவனுக்கு வேண்டியதுதான். நீலப் புடவைக்காரி மட்டும் நகரவில்லை.

"போன வருஷம் எங்க அம்மாவைக் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்து இதுல கால் வைக்கச் சொன்னேன்பா. அவங்களால நடக்கவே முடியாது. அன்னிக்கு நீதான் நின்னு சொன்ன" என்றாள். சத்தம் போடவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்காக நின்றாள்.

ரேடியோ குனிந்து கடப்பாரையைத் தரையில் வைத்தான். ஜெயித்தவள் நான், என்னாலும் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் அம்மாவும் அன்று என்னிடம் ஒரு பை வாங்கியிருப்பாள்.

அதிகாரி கவரை ஆதாரத்துக்கென்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நோட்டீஸை ரத்துசெய்து எழுதித் தருவதாகச் சொல்லிப் போனார். மதியத்துக்குள் கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது. மறுநாள் காலையில் வந்து அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அவன் என் வெட்டும் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து, பாவாடைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் சாக்கடையைத் தாண்டிக் குதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சோறு மட்டும் போட்டேன்.

"அக்கா, கல்லைத் திரும்பப் போட்டுடறேன்."

"போடு. குழி கீழ இருக்கிற மாதிரி கவுத்துப் போடு."

சிமெண்டு வாங்கிவந்து அவனே குழைத்தான். தெருவில் இரண்டு ஆளைப் பிடித்து வந்து கல்லைக் கவிழ்த்து வைத்தான். ஏறி மிதித்தான். ஆற்றுப் பக்கத்து மூலை ஆடியது. அடியில் வைக்க ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிப் பார்த்தான். என் காலடியில் வெட்டுத்துணி குவிந்து கிடந்தது, ஒரு துண்டை எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை. கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி, நாலாக மடித்து, அந்த மூலையில் செருகினான்.

"இப்ப ஏறிப் பாருக்கா."

செருப்பைப் போட்டுக்கொண்டுதான் ஏறினேன். ஆடவில்லை.